நூறு நாள் வேலையா, சிப்காட்டா? தென் மாவட்டங்களுக்கு எது முதலில்

ராமநாதபுரத்தில் படித்து முடித்த பிள்ளைக்கு வேலை வேண்டுமென்றால் சென்னைக்கோ திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோதான் போக வேண்டியிருக்கிறது. இதை மாற்ற மூன்று வழிகள் பேசப்படுகின்றன: உள்ளூர்க்காரருக்கு இடஒதுக்கீடு, மானியம் கொடுத்து சிப்காட் (மாநில அரசின் தொழிற்பேட்டை) போன்ற இடங்களுக்கு ஆலைகளைக் கொண்டுவருவது, நூறு நாள் வேலை போல வேலையைச் சட்டப்படி உறுதி செய்வது.

இடஒதுக்கீட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. தனியார் வேலையில் 75 சதவீதம் மண்ணின் மைந்தர்களுக்கு என்ற ஹரியானா சட்டத்தை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆலையே இல்லாத ஊரில் 75 சதவீதம் என்பது எதில்? வெளிமாநிலத்தவரைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்ளும் முதலாளியை விட்டுவிட்டு, பிழைக்க வந்தவரைத் தடுப்பது நியாயமும் இல்லை.

ஆலை விஷயம் அப்படியல்ல. தமிழ்நாட்டின் 2021 தொழிற்கொள்கை மாவட்டங்களை ஏ, பி, சி என்று பிரித்து, பின்தங்கிய 'சி' பிரிவுக்குக் கூடுதல் சலுகை தருகிறது. பலனும் தெரிகிறது. நெல்லை மாவட்டம் கங்கைகொண்டானில் டாடாவின் சோலார் ஆலை வந்தது; தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்தது. ஆனால் வின்ஃபாஸ்ட் ஒப்பந்தத்தில் சொல்லப்பட்ட முதலீடு 16,000 கோடி ரூபாய் வரை. முதற்கட்ட வேலை 3,000 முதல் 3,500 பேருக்கு. இதற்கு மாறாக, வடக்கே திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாற்றுச் செருப்பு ஆலையைப் பாருங்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோகும் பெண்களே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். முதலீட்டுத் தொகையை வைத்து மட்டும் மானியம் அளந்தால், இயந்திரம் அதிகமும் ஆள் குறைவுமான ஆலைக்கே அதிகப் பணம் போகும். அந்த ஆட்களிலும் ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. நெல்லை மாவட்ட நாங்குநேரியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் ஒதுக்கி, கால் நூற்றாண்டாகப் பேசிக்கொண்டே இருப்பதையும் மறக்கக் கூடாது.

அப்புறம், ஆலை யாரை எடுக்கும்? பெரும்பாலும் முப்பது வயதுக்குள் இருப்பவரை. நாற்பத்தைந்து வயதில், நிலமில்லாமல், வீட்டில் முதியவரையும் பார்த்துக்கொள்ளும் பெண்ணை எந்த கேட்டிலும் உள்ளே விடுவதில்லை. அவருக்கு 2006 முதல் கிடைத்த ஒரே உத்தரவாதம் நூறு நாள் வேலை. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி; 2025-26இல் நாளுக்கு 336 ரூபாய். ஏரி வேலையில் ஒழுங்காக மண் வெட்டுவதில்லை என்ற புகார் பழையது. வேலைத்தரத்தைக் கூட்ட வேண்டும் என்பது சரி. ஆனால் அந்தக் கூலி இருந்ததால்தான் "இதற்குக் குறைந்து வர மாட்டேன்" என்று நிலச் சொந்தக்காரரிடம் சொல்ல முடிந்தது. வேலை உறுதி தந்த பெரிய ஆதாயம் அதுதான்.

அதனால்தான் நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் வந்த புதிய சட்டம் கவலை தருகிறது. நாட்கள் 125 ஆகக் கூடியிருக்கின்றன. ஆனால் விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கலாம். பேரம் பேச வேண்டிய நேரத்தில் பிடிமானம் போய்விடும். முன்பு உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசு தந்தது. இனி செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில்.

ஆக, ஆலை மானியமும் ஏரி வேலையும் ஒரே மாநில பட்ஜெட்டில் மோதப்போகின்றன. அப்படி மோதினால் நான் ஏரி வேலையின் பக்கம். அதை வெட்டி ஆலைக்கு மானியம் தருவது ஏழையிடம் பிடுங்குவது. மானியத்தையும் முதலீட்டுக் கோடிகளோடு மட்டும் கட்டிவிடாமல், மாவட்டத்துக்காரர் எத்தனை பேர் நிரந்தரமாகி, பி.எஃப். பிடித்து, என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்பதோடு கட்ட வேண்டும். அந்தக் கணக்கை ஆலைவாரியாக ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.