ரோட்டரி எஞ்சினுக்கு ஒரு ரேடியேற்றர்: யாழ்ப்பாணத்துப் பட்டறை ஒன்றின் வேலை பற்றி

காங்கேசன்துறை வீதியில் வடக்கு நோக்கிப் போகும்போது, லொறி ரேடியேற்றர்களை வாசலில் சாத்தி வைத்திருக்கும் சிறிய பட்டறைகள் கண்ணில் படும். அவற்றுள் ஒன்றில், நான் வீட்டுக் கொட்டிலில் கட்டிவரும் விமானத்தின் எஞ்சினுக்கு ரேடியேற்றர் செய்வித்தேன். ஒட்டு வேலைக்கு அந்தப் பட்டறையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். குளிர்விப்பு பற்றி அங்கு கிடைக்கும் ஆலோசனையைப் பரிந்துரைக்க மாட்டேன். பாராட்டோடு குறையும் சொல்லப்போவதால் பட்டறையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

எஞ்சின் 1980களின் மஸ்டா ஆர்எக்ஸ்-7 காரிலிருந்து கழற்றிய 13பி என்ற ரோட்டரி எஞ்சின். ரோட்டர் ஒன்றுக்கு 654 கன சென்ரிமீற்றராக இரண்டு ரோட்டர்கள், மொத்தம் 1308. கனடாவிலுள்ள மருமகன் அனுப்பிவைத்த 2.17க்கு 1 விகித வேகக் குறைப்புப் பற்சக்கரப் பெட்டி அதன் முன்னால் பூட்டப்பட்டிருக்கிறது. எஞ்சின் தண்டு நிமிடத்துக்கு 5,200 சுற்றுகள் சுழலும்போது மரக் காற்றாடி ஏறத்தாழ 2,400 சுற்றுகள் சுழலும். இதுவரை ஓடியதெல்லாம் வளவில் கொங்கிறீற்றோடு பிணைத்த இரும்புச் சட்டத்தின் மீதுதான். பறப்பதற்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் அனுமதி வேண்டும். அது தனிக் கதை. முதலாம் உலகப் போர்க் காலத்தில் உருளைகளோடு சேர்ந்தே சுழன்ற எஞ்சின்களையும் ரோட்டரி என்றுதான் அழைத்தார்கள் என்பதால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்: நான் சொல்வது ஜெர்மனியில் பீலிக்ஸ் வாங்கல் உருவாக்கி, 1957இல் என்எஸ்யு நிறுவனத்தில் முதன்முதலாக ஓடிய முக்கோண ரோட்டர் வகையை.

இந்த எஞ்சினுக்குக் குளிர்விப்பு ஏன் தலையாய வேலை என்பது புரிந்தால்தான் பட்டறையின் வேலையை எடைபோட முடியும். சாதாரண எஞ்சினின் உருளையில் எரிதலும் குளிர்ந்த கலவையின் வருகையும் ஒரே இடத்தில் மாறி மாறி நடக்கின்றன. ரோட்டரியிலோ எரிதல் எப்போதும் உறையின் ஒரே பக்கத்தில், தீப்பொறிச் செருகிகள் இருக்கும் பக்கத்தில், நடக்கிறது. உள்ளிழுக்கும் பக்கம் எப்போதும் குளிர்ச்சியாகவே கிடக்கிறது. அதன் மேல், அலுமினிய ரோட்டர் உறைகள் வார்ப்பிரும்புப் பக்கத் தட்டுகளுக்கிடையே அடுக்கப்பட்டு, நீண்ட போல்ற்றுகளால் இறுக்கப்பட்டிருக்கின்றன. அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். ஒருமுறை அளவுமீறிச் சூடேறினாலே இந்த அடுக்குகளுக்கிடையே நீரைத் தடுத்து வைத்திருக்கும் இறப்பர் வளையங்கள் கெட்டுவிடக்கூடும். பிறகு முழு எஞ்சினையும் பிரித்து அடுக்குவதைத் தவிர வழியில்லை. இரண்டாவது விடயம் எண்ணெய். ரோட்டரின் உட்புறம் எண்ணெயால்தான் குளிர்விக்கப்படுகிறது என்பதால், நீரும் எண்ணெயும் சேர்ந்து ஏற்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெயின் தலையில் விழுகிறது. இங்கே எண்ணெய்க் குளிர்விப்பானை ஓர் உபரிப் பொருளாகக் கருத முடியாது.

160 குதிரைவலு, அதாவது 120 கிலோவாற்றுக்குச் சற்றுக் குறைவாகத் தண்டில் கிடைக்கும்போது, நீருக்கும் எண்ணெய்க்குமாக 100 கிலோவாற்று அளவில் வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டேன். கடந்து செல்லும் காற்று 35 பாகை சூடேறுவதாகக் கொண்டால், விநாடிக்கு இரண்டரைக் கன மீற்றர் காற்று வேண்டும். யாழ்ப்பாணத்து வைகாசி மாதத்தில் உள்ளே வரும் காற்றே 33, 34 பாகையில்தான் வருகிறது. அமெரிக்காவில் இந்த எஞ்சினை விமானங்களில் பூட்டியவர்கள் பலர், ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் குளிரூட்டிக்குள் இருக்கும் அலுமினிய ஆவியாக்கிக் கூடுகள் இரண்டை எடுத்து, அவற்றையே ரேடியேற்றராகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவை சிறியவை, தடிப்பானவை, விலையும் குறைந்தவை. எனக்கு நல்ல நிலையில் இரண்டு அகப்படாததால்தான் பட்டறையை நாடினேன்.

பட்டறைக்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், உதிரிப்பாகமும் பெற்றோலும் இல்லாமல், மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் புகைந்துகொண்டு ஓடிய நாட்களில் தொழில் பழகியவர். ஒரு ரேடியேற்றரை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவது என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்கு இலேசில் வராது. நான் கொண்டுபோன வரைபடத்தைப் பத்து நிமிடம் பேசாமல் பார்த்தார். பிறகு அவர் கேட்ட முதற் கேள்வி, எஞ்சின் எவ்வளவு அதிரும் என்பது. அந்தக் கேள்விக்காகவே வேலையை அவரிடம் கொடுத்தேன்.

கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வரவழைத்த அலுமினியக் கூட்டை, அதாவது ரேடியேற்றரின் நடுப்பகுதியை, 500க்கு 320 மில்லிமீற்றராக வெட்டினார், தடிப்பு 60. இரு பக்கத் தொட்டிகளையும் 3 மில்லிமீற்றர் தகட்டில் மடித்து, ஆர்கன் ஒட்டால் பொருத்தினார். ஒட்டுத் தழும்புகள் ஒரே சீராக, அடுக்கிய நாணயங்கள் போல இருக்கின்றன. அதைவிட முக்கியமானது தாங்கும் முறை. ரேடியேற்றரைச் சட்டத்தில் இறுக்கிப் பூட்டாமல், நான்கு மூலைகளிலும் இறப்பர் குண்டுகளின் மீது அமர வைக்கும்படி காதுகளை ஒட்டி, ஒவ்வொரு காதின் அடியிலும் சுமையைப் பரப்பும் சிறு தகடு ஒன்றையும் சேர்த்திருந்தார். அது என் வரைபடத்தில் இல்லாதது. அதிரும் இடத்தில் அலுமினியம் ஒட்டின் ஓரத்தில்தான் வெடிக்கும் என்பது அவருக்குக் கைப்பாடம்.

சோதனையை நான் நேரில் பார்த்தேன். வாய்களை அடைத்து, ஒன்றரைப் பார் காற்றேற்றி, முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் ரேடியேற்றரை அமிழ்த்தினார். முதலில் தகடுகளுக்கிடையே சிக்கியிருந்த காற்று பெரிய குமிழிகளாக வெளியேறியது. அவர் கையால் தடவித் தடவி அவற்றை ஓட்டினார். தண்ணீர் அடங்கிய பின், கீழ் இடது மூலையிலிருந்து, கடுகளவுக் குமிழிகள் ஒரே கோடாக, விட்டுவிட்டு ஏறின. நான் கவனித்திருக்கவே மாட்டேன். பெருவிரலை அந்த இடத்தில் வைத்தபடியே தூக்கி, துணியால் துடைத்து, ஆணியால் ஒரு கீறல் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அரை மணி நேரத்தில் மறுபடியும் தொட்டி. இருபது நிமிடம் ஒரு குமிழியும் இல்லை.

இனிக் குறைகள். பத்து நாளில் தருவதாகச் சொன்ன வேலை ஐந்து வாரமானது. அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரங்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். அதில் எனக்குக் கோபமில்லை, ஆனால் ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். நீரூற்றும் கழுத்தை வரைபடத்தில் காட்டிய உயரத்துக்கு ஒட்டாமல், லொறிக்கு ஒட்டுவது போலத் தொட்டியின் மேல் ஓரத்தில் ஒட்டியிருந்தார்கள். என் சட்டத்தில் ரேடியேற்றர் எஞ்சினைவிடத் தாழ்வாக இருப்பதால், அந்தக் கழுத்தால் எஞ்சினுக்குள் சிக்கும் காற்றை வெளியேற்ற முடியாது. நீர்ப்பாதையின் ஆக உயரமான புள்ளியில்தான் நிரப்பும் தொட்டியும் மூடியும் இருக்க வேண்டும். சிக்கிய காற்றுக் குமிழி பம்பியின் வாயில் போய் நின்றால் நீரோட்டமே நின்றுவிடும். கழுத்தை அடைத்துவிட்டு, தனியாக ஒரு சிறு தொட்டி செய்து தந்தார்கள். அதற்குப் பணம் வாங்கவில்லை.

எனக்கு உண்மையில் ஆபத்தை விளைவித்தது அவர்களுடைய ஆலோசனை. நீரின் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்ராட்டை எஞ்சினில் பார்த்ததும், பட்டறைக்காரர் "மாஸ்ரர், எங்கட வெயிலுக்கு உது தேவையில்லை, கழட்டிப்போட்டு ஓடுங்கோ" என்றார். எங்கள் ஊர்க் கராச்சுகளில் இது வேதவாக்கு. அரைவாசி வாகனங்களில் தெர்மோஸ்ராட் இல்லை. படித்துப் படிப்பித்த நானும் கழற்றினேன். அதற்கு அவரைக் குற்றம் சொல்வது முறையல்ல. ஆனால் 13பியில் அந்தத் தெர்மோஸ்ராட் இரண்டு வேலை செய்கிறது. சூடேறியதும் அதன் மேல் வால்வு ரேடியேற்றருக்குப் போகும் வழியைத் திறக்கிறது. அதே அசைவில் கீழ்த் தட்டு, எஞ்சினுக்குள்ளேயே நீரைச் சுற்றவிடும் குறுக்குவழித் துவாரத்தை அடைக்கிறது. அதைக் கழற்றினால் துவாரம் எந்நேரமும் திறந்தே கிடக்கும், சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேற்றரின் முகத்தைப் பார்க்காமலே பம்பிக்குத் திரும்பிவிடும்.

முதல் ஓட்டத்தில் 4,000 சுற்றில் ஆறாவது நிமிடத்தில் நீரின் வெப்பமானி 100 பாகையைத் தாண்டியது. ரேடியேற்றரின் கீழ்க் குழாயைத் தொட்டால் கையை எடுக்கத் தேவையில்லாத சூடுதான். 108இல் எஞ்சினை நிறுத்தினேன். 0.9 பார் அழுத்தம் வரை தாங்கும் மூடி இருந்ததால் நீர் கொதிக்கவில்லை. அந்த அழுத்தத்தில் நீர் 118 பாகையளவில்தான் கொதிக்கும். மறுநாள் பட்டறையிலிருந்து அழுத்தம் பார்க்கும் கைப்பம்பியைக் கொண்டுவந்து பூட்டி, இரவு முழுக்க விட்டுவைத்தோம். முள் அசையவில்லை; வளையங்கள் தப்பிவிட்டன. தெர்மோஸ்ராட்டை மறுபடி பூட்டினேன். அது இல்லாமல் ஓடத்தான் வேண்டுமென்றால், குறுக்குவழித் துவாரத்தில் புரியிட்டு அடைப்பானை இறுக்கிய பிறகே ஓட வேண்டும்.

அதன் பிறகும் வெப்பம் 4,500 சுற்றில் 104 வரை ஏறியது. இம்முறை குறை காற்றில். பட்டறையோடு தொடர்புள்ள தகரவேலைக்காரர் ஒருவர் ரேடியேற்றரின் முன்னால் பூட்டக் காற்றுக் கூடு ஒன்றைச் செய்து தந்திருந்தார்: முன்வாய் சிறியது, பின்பக்கம் பெரியது, நடுவில் நேர்த் தகடுகள். பார்வைக்குச் சரி. ஆனால் இத்தகைய கூம்பில் பக்கவாட்டுக் கோணம் ஏழு பாகைக்கு மேற்போனால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழலத் தொடங்கும். எனக்கிருந்த இடத்தில் கோணம் இருபதுக்கும் மேல். ஏழு பாகையில் செய்ய முக்கால் மீற்றர் நீளம் வேண்டும். ஒளிபுகும் பிளாஸ்ரிக் குழாயை யூ வடிவில் பலகையில் ஆணியடித்து, நிறநீர் ஊற்றி, ஒரு முனையை ரேடியேற்றரின் முன்னும் மறுமுனையைப் பின்னும் வைத்து, காற்றை அதனூடே தள்ளும் அழுத்தத்தை அளந்தேன். வித்தியாசம் 22 மில்லிமீற்றர் நீர்மட்டம்தான்.

இதற்குத் தீர்வு நெடுங்காலமாக அறியப்பட்டதுதான்: கூடு நெடுந்தூரம் ஒடுக்கமாகவே வந்து, ரேடியேற்றருக்கு மிக அருகில் நாதஸ்வரத்தின் அணைசைப் போல விரிய வேண்டும். ரேடியேற்றரின் தடையே அந்த இடத்தில் காற்றைப் பரவச் செய்துவிடும். இதைத் தகரத்தில் மடிக்க முடியாது. குருநகரில் மீன்பிடிப் படகு செய்யும் ஒருவரிடம் போனேன். ரிஜிபோமில் உருவத்தைச் செதுக்கிக் கொடுத்தபோது, அவர் அதன் மேல் பசைநாடாவை ஒரு நூல் இடைவெளியும் இல்லாமல் ஒட்டினார். இல்லையென்றால் படகுப் பசை ரிஜிபோமைக் கரைத்துவிடும். மேலே இரண்டு அடுக்குக் கண்ணாடி நார். முன்வாய் 480 சதுர சென்ரிமீற்றர், ரேடியேற்றர் முகத்தின் 30 வீதம். ஓரங்களில் காற்று ஒழுகாமல் இறப்பர்ப் பட்டி வைத்தேன். நீர்மட்ட வித்தியாசம் 34 மில்லிமீற்றரானது. அதே 4,500 சுற்றில் நீர் 91 பாகையில் நிலைத்தது. ரேடியேற்றரில் ஒரு மாற்றமும் செய்யவில்லை. நிற்கும் மேடையில் காற்றாடி தள்ளும் காற்று மட்டுமே உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 60 நொட் வேகத்தில் ஏறும் விமானத்துக்கு 55 மில்லிமீற்றரளவு காற்றழுத்தம் சும்மா கிடைக்கும்.

எண்ணெய்க் குளிர்விப்பானை ரேடியேற்றருக்கு முன்னால், அதே கூட்டில், ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டலாம் என்பதும் பட்டறையின் யோசனை. மறுத்துவிட்டேன். பின்னால் இருப்பது முன்னால் இருப்பதன் சூட்டைத்தான் வாங்கும். மஸ்டாவின் மூல எண்ணெய்க் குளிர்விப்பானுக்கே தனி வாயும் தனிக் கூடும் கொடுத்ததில், எண்ணெய் 100 பாகையைத் தாண்டாமல் நிற்கிறது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். சுண்ணக்கல்லில் ஊறிய எங்கள் கிணற்று நீரை ரேடியேற்றரில் ஊற்றுவது, கேத்திலின் அடியில் படிவதை எஞ்சினுக்குள் படியவிடுவதாகும். பட்டறைக்கு வரும் ரேடியேற்றர்களில் பாதி அப்படி அடைபட்டவைதான். உறைபனி இல்லாத ஊரில் கிளைக்கோல் பாதிக்குப் பாதி கலக்கத் தேவையில்லை. அந்தக் கலவை வெறும் நீரைவிடக் குறைவான வெப்பத்தையே சுமக்கும். பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரும், துருத்தடுப்பு மருந்தும் போதுமானவை.

ரேடியேற்றர், சிறு தொட்டி, தாங்கிகள் எல்லாவற்றுக்குமாக 74,000 ரூபா கொடுத்தேன். அதில் பாதி முற்பணம். பற்றுச்சீட்டு கேட்டால்தான் எழுதித் தருவார்கள். வரைபடத்தில் குழாய் வாய்களின் வெளி விட்டத்தை மில்லிமீற்றரில் எழுதி, நீரூற்றும் கழுத்து எங்கே வரவேண்டும் என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுங்கள். ஒட்டத் தொடங்கும் அன்று ஒரு தடவை நேரில் போய் நில்லுங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் கடை பூட்டு.