கேரவனில் அடிக்கடி டிரிப் ஆகும் ஜி.எஃப்.சி.ஐ.: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வட அமெரிக்கக் கேரவன்களின் குளியலறைச் சுவரில் 'டெஸ்ட்', 'ரீசெட்' பொத்தான்களோடு பதிக்கப்பட்டிருக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பிளக் பாயின்ட்டை, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாக்கெட்டைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அது டிரிப் ஆகும்போது பழுது பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. அதிலிருந்து மின்சாரம் பெறும் வேறு ஏதோ ஒன்றில்தான் இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே புதியது வாங்கி மாட்டுவதை ஆகையால் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஃபேஸ் வயரில் செல்லும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று இது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. வேறுபாடு 4 முதல் 6 மில்லி ஆம்பியருக்குள் வந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. 120 வோல்ட்டில் 5 மில்லி ஆம்பியர் கசிவதற்கு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலான தடை 24,000 ஓம் அளவுக்குக் குறைந்தாலே போதும். ஈரம் படிந்த ஒரு சாக்கெட் அந்த நிலைக்கு எளிதில் வந்துவிடும்.

பல வண்டிகளில் இந்த ஒரே சாதனம்தான் சமையல் மேடை, வெளிப்புறச் சுவர் ஆகியவற்றிலுள்ள சாக்கெட்டுகளையும் காக்கிறது. எனவே வெளிமின் கேபிளைக் கழற்றி, இன்வெர்ட்டரையும் நிறுத்தி, மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் உறுதிசெய்த பிறகு, அடுத்த சாக்கெட்டுகளுக்கு மின்சாரம் செல்லும் 'லோடு' முனைகளில் உள்ள வயர்களைப் பிரித்துத் தனித்தனியே மூடிவிட வேண்டும். மீண்டும் மின்சாரம் கொடுத்து, முகப்பில் எதையும் செருகாமல் ரீசெட்டை அழுத்தினால், அது நிலைத்து நிற்கிறதா என்பது தெரியும். நின்றால் கோளாறு அடுத்த சாக்கெட்டுகளின் பக்கம். நிற்காவிட்டால்தான் சாதனத்தைச் சந்தேகிக்க வேண்டும். மின்சாரம் வராதபோது புதிய வகைகள் ரீசெட் ஆகாது என்பதால், பிரேக்கரையும் முதலில் பார்த்துவிடுவது நல்லது.

என் வண்டியில் இந்தச் சோதனை வெளிப்புறச் சாக்கெட்டைக் காட்டிக்கொடுத்தது. அதன் மூடியிலிருந்த ரப்பர் காய்ந்து வெடித்திருந்ததால் மழைநீர் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. வெயிலில் உலர்ந்ததும் தொல்லை தானாகவே நின்றுபோனதுதான் அதைக் கண்டுபிடிக்கத் தாமதமானதற்குக் காரணம். ரப்பரையும் மூடியையும் மாற்றிய பிறகு மழைக்காலத்திலும் டிரிப் ஆகவில்லை.

வண்டி முழுவதையும் அடாப்டர் வழியாக ஒரு வீட்டின் ஜி.எஃப்.சி.ஐ. சாக்கெட்டில் இணைக்கும்போது நிலைமை வேறு. வாட்டர் ஹீட்டர், குளிர்பெட்டி, பேட்டரி சார்ஜர் ஆகியவற்றின் சிறுசிறு கசிவுகள் கூட்டாகச் சேர்ந்து எல்லையைத் தாண்டிவிடக்கூடும். ஹீட்டர் எலிமென்டுகளின் உள்ளே காப்புப்பொருளாக இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நீண்ட நாள் நிறுத்திவைத்த வண்டியில், கேஸில் ஒழுங்காக இயங்கும் குளிர்பெட்டியை, ஹீட்டர் எலிமென்டைப் பயன்படுத்தும் மின்சார முறைக்கு மாற்றியதும் சாக்கெட் டிரிப் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, வண்டியின் உள்ளே நியூட்ரலும் எர்த்தும் எங்கும் சேரக்கூடாது. சேர்ந்திருந்தால் எந்தக் கருவியும் ஓடாதபோதே சாக்கெட் துண்டித்துவிடும்.

2015க்குப் பிந்தைய தர விதிப்படி தயாரானவை தம்மைத் தாமே அவ்வப்போது சோதித்துக்கொள்வதால், மாற்றத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் பழைய இருப்பைத் தவிர்க்கலாம். எனக்குள்ள உண்மையான குறை, கேரவன் சுவர்ப் பெட்டிகளின் ஆழம் போதாது என்பதே. பருமனான இந்தச் சாதனத்தை அதற்குள் திணிக்கையில் வயர்கள் நசுங்கி, நியூட்ரல் எர்த்தைத் தொட்டுவிட வாய்ப்புண்டு. ஆகவே வயர்களை மடித்து ஒழுங்குபடுத்திய பிறகே திருகுகளை இறுக்க வேண்டும்.