பாய் நனைக்கும் பிள்ளையை அந்த லாட்ஜ் அறைக்குக் கூட்டிப் போகாதீர்கள்

நாங்கள் தங்கச்சிமடம் பக்கம். மகனுக்கு 9 வயது. சின்னதிலிருந்தே இரவில் பாயை நனைப்பவன், ஒரு மாதம்கூடத் தொடர்ந்து நின்றதில்லை. உப்புக் காற்றில் மெத்தை லேசில் காயாது. அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் போர்வை காயப்போட இடம் தேடுவதே என் காலை வேலை. இந்த வெட்கத்தைத்தான் ஒரு ஆள் காசாக்கினார்.

ராமநாதபுரம் போகும் பஸ்ஸில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது: படுக்கையில் சிறுநீர், 21 நாளில் நிரந்தரத் தீர்வு. ஒட்டியது, சித்த வைத்தியர் என்று சொல்லிக்கொண்டு மாதம் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்து உட்காருகிறவர். அப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் வருமானமே இல்லை. பள்ளி திறக்குமுன் சரியாகட்டும் என்று தோட்டை அடகு வைத்து 6,500 ரூபாய் கொடுத்தேன்.

அவர் நாடி பார்த்தார், அவ்வளவுதான். சிறுநீர்ப் பரிசோதனை இல்லை, ஒரு கேள்வி இல்லை. “நரம்புத் தளர்ச்சிம்மா. இப்ப விட்டா நாளைக்கு இவனுக்குக் கல்யாணமே பண்ண முடியாது” என்று பிள்ளையின் முன்னாலேயே சொன்னார். பணம் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை. அன்றிலிருந்து பல நாள் அவன் என் முகம் பார்த்துப் பேசவில்லை.

கொடுத்தது பெயர், தேதி, லைசென்ஸ் எண் எதுவும் இல்லாத டப்பாவில் ஒரு பொடி. ரசீது கிடையாது. மதியத்துக்கு மேல் சொட்டுத் தண்ணீர் தரக்கூடாது என்றார். மே மாத வெயிலில் பிள்ளை தண்ணீர் கேட்டு அழுதான், நான் கொடுக்கவில்லை. இரண்டு வாரத்தில் மலம் இறுகி மூன்று நாளுக்கு ஒரு முறைதான் போனான். பகலிலும் டிரவுசர் நனைய ஆரம்பித்தது. போன் செய்தால் இன்னொரு கோர்ஸ் எடுக்க வேண்டும், 4,000 என்றார். அப்புறம் போனை எடுக்கவே இல்லை. லாட்ஜில் விசாரித்தால் பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை.

பிறகுதான் அரசு மருத்துவமனை. குழந்தை டாக்டர் முதலில் கேட்டது, வெளிக்கு ஒழுங்காகப் போகிறானா என்று. குடலில் இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்துமாம். தண்ணீரை நிறுத்தி நானே அதை மோசமாக்கியிருக்கிறேன். சிறுநீரில் சர்க்கரையும் கிருமியும் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இரண்டும் இல்லை. வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்றார். என் வீட்டுக்காரர் தலைகுனிந்தார், மாமியார்தான் வாயைத் திறந்தார்: “இவனும் பத்து வயசு வரைக்கும் போனவன்தான் டாக்டர்.” இத்தனை நாள் எனக்கு யாரும் சொல்லவில்லை!

5 வயதில் 100 பிள்ளைகளில் சுமார் 15 பேருக்கு இது இருக்குமாம். மருந்தே இல்லாமல் வருடத்துக்கு நூற்றில் 15 பேருக்குத் தானாக நின்றுவிடும். பொடிக்காரர் பிழைப்பது இதில்தான்: தானாக நின்றதெல்லாம் அவர் பெயரில் சேர்ந்துவிடுகிறது. இரவில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் போதாததும், பை நிறைந்தாலும் தூக்கம் கலையாததும்தான் காரணம், பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை என்றார் டாக்டர்.

இப்போது பகலில் நிறையத் தண்ணீர், படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன் மட்டும் குறைவு, படுக்கும்போது ஒரு முறை பாத்ரூம், மலம் இளக மருந்து. நனைந்த நாளை நோட்டில் குறிக்கிறோம். தேவைப்பட்டால் ஈரம் பட்டதும் மணியடிக்கும் அலாரமோ மாத்திரையோ பார்க்கலாம் என்றிருக்கிறார்.

டாக்டர் அழுத்திச் சொன்ன ஒன்று: ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைத்து, தாகமும் எடைக் குறைவும் சேர்ந்தால், அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளையை அந்த லாட்ஜில் 21 நாள் காக்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சித்த வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. அரசு மருத்துவமனையிலேயே சித்தா பிரிவும் இருக்கிறது. போன வாரம் அதே நோட்டீஸை தேவிபட்டினம் பஸ்ஸில் பார்த்தேன். போன் நம்பர் மட்டும் வேறு.