சென்னையில் 9 வருடம், 4 வாடகை வீடு: புரோக்கர் கமிஷனில் நான் பட்டது

2016-ல் வேலைக்காகச் சென்னை வந்ததிலிருந்து இதுவரை நான்கு வீடு பார்த்துவிட்டேன், அதில் மூன்று புரோக்கர் மூலம் கிடைத்தவை. எல்லோரும் அட்வான்ஸைப் பற்றித்தான் புலம்புவார்கள். எனக்கு அதைவிட மனக்கசப்பு தந்தது கமிஷன்தான். அட்வான்ஸாவது காலி பண்ணும்போது கைக்கு வரும்.

முதல் வீடு வேளச்சேரி. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, தரைத்தளம் என்றாலே வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் முதல் மாடியில் ஒன்று அமைந்தது, வாடகை 14,000. கமிஷன் ஒரு மாத வாடகை என்று பேச்சு. அக்ரிமெண்ட் போட்ட அன்று, புரோக்கர் மெயின்டனன்ஸ் 1,500-ஐயும் சேர்த்து 15,500 கேட்டார். வாசலில் சாமான் வண்டி நிற்கிறது. கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது, மடிப்பாக்கம், 2018. இதுதான் பெரிய சண்டை. ஒரு புரோக்கர் வாட்ஸ்அப்பில் நான்கு படம் அனுப்பினார், அப்போது வாடகை அதிகமாகத் தெரிந்ததால் நான் பதில் போடவில்லை. மூன்று வாரம் கழித்து வேறொருவர் அழைத்துப்போய்க் காட்டிய வீடு, உள்ளே நுழைந்த பிறகுதான் தெரிகிறது, அதே வீடு. பிடித்திருந்தது, முடித்தோம், அவருக்குக் கமிஷனும் கொடுத்தோம். பால் காய்ச்சிய அன்று காலை, முதல் ஆள் வந்து நிற்கிறார், "வீட்டைக் காட்டினது நான், என் காசு எங்கே?" என்று. உறவுக்காரர்கள் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அம்மாவுக்கு முகமே வாடிவிட்டது. ஓனரைக் கேட்டால், "நான் தெருவில் எல்லாரிடமும்தான் சொல்லி வைத்தேன், எனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை" என்று ஒதுங்கிக்கொண்டார். முனையில் இஸ்திரி போடும் அண்ணன்தான் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, வாங்கியதை அவர்களே பிரித்துக்கொள்ளும்படி முடித்துவைத்தார். படம் அனுப்பியவருக்கும் கோபம் வர நியாயம் உண்டு, ஆனால் அதைத் தீர்க்க வேண்டியது அவர்களுக்குள்தான், குடிவருகிறவன் இரண்டு முறை கொடுக்க முடியாது.

மூன்றாவது, நங்கநல்லூர் வீட்டில் 11 மாதம் முடிந்ததும் அக்ரிமெண்ட் ரினிவலுக்குப் புரோக்கர் அரை மாத வாடகை கேட்டார். ஓனரும் நானுமே பேசி, நாங்களே முத்திரைத்தாள் வாங்கிக் கையெழுத்துப் போடுகிற விஷயத்துக்கு எதற்குக் காசு? மறுத்துவிட்டேன். அடுத்த வாரமே ஓனர் வாடகையில் 2,000 ஏற்றினார், கூடுதலாகத் தர ஆள் இருப்பதாகப் புரோக்கர் சொன்னாராம். வீடு கை மாறினால்தான் அவருக்கு வரும்படி, நான் அங்கேயே இருந்தால் ஒன்றும் கிடையாது. இந்த ஏற்பாட்டின் கோளாறே அதுதான்.

சட்டத்தில் வழி இருக்கும் என்று தேடிப் பார்த்தேன். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும் என்கிறது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது. புரோக்கருக்கு இவ்வளவுதான் என்று அதில் எதுவும் இல்லை. ரெரா என்று எல்லோரும் சொல்லும் 2016 ரியல் எஸ்டேட் சட்டமும் விற்பனையில் இடைத்தரகு செய்யும் ஏஜெண்டுகளுக்குத்தான், வாடகைக்கு வராது. ஆக, நாம் பேசி வைப்பதுதான் கணக்கு.

குரோம்பேட்டை வீடு, 2023, ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத்தெருவாக நடந்து டூலெட் போர்டு பார்த்துப் பிடித்தது, கமிஷனே இல்லை. அதற்காகப் புரோக்கரே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இந்த வீடு தேடும்போது இடையில் ஒரு பெரியவர் இரண்டு இடம் காட்டினார், "தம்பி, இங்கே மே மாசம் போர் வற்றிடும், லாரித் தண்ணிதான், பார்த்துக்கோங்க" என்று அவரே சொன்னார். அந்த மாதிரி ஆளுக்கு ஒரு மாத வாடகை தாராளமாகக் கொடுக்கலாம்.

இப்போது வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே ஒரு செய்தி அனுப்பிவிடுகிறேன்: கமிஷன் மெயின்டனன்ஸ் சேராத வாடகைக்கு மட்டும், அக்ரிமெண்ட் முடிந்த பிறகுதான், ரினிவலுக்குக் கிடையாது, ஓனர் மறுத்தால் டோக்கன் பணம் முழுதாகத் திரும்ப வேண்டும். அப்புறம், பணம் ஜிபேயில்தான், குறிப்பில் 'கமிஷன்' என்று எழுதி. போன மாதம் தங்கைக்காக ஐந்து பேருக்கு இதை அனுப்பினேன். மூன்று பேர் பதிலே போடவில்லை, இரண்டு பேர் சரி என்றார்கள். அவர்களில் ஒருவர் காட்டிய வீட்டில்தான் அவள் இருக்கிறாள், வாடகை 12,000, கமிஷனும் அதே 12,000.