மீடியேஷனா, கொலாபரேட்டிவா: மேசையில் பேசியது வெளியே போகுமா?

அப்பா விட்டுப்போன சாட்ஸ்வர்த் கடையின் வாடகைப் பாக்கியில் எனக்கும் தம்பிக்கும் தகராறு முற்றி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஹைகோர்ட் வரை போய்விட்டோம். வழக்கை நடத்தாமல் பேசித் தீர்க்க இரண்டு வழி உண்டு: பொதுவான ஒருவர் நடுவில் நின்று பேசவைக்கும் மீடியேஷன், இரு தரப்பு வக்கீல்களும் சேர்ந்து உட்காரும் கொலாபரேட்டிவ். நான் மீடியேஷனைத் தேர்ந்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

செலவிலும் அலைச்சலிலும் வழக்கை முழுக்க நடத்துவதைவிட இரண்டுமே தேவலை. எனக்குப் பெரிதாகப் பட்டது ரகசியம்தான்.

கொலாபரேட்டிவ் முறையில் இரு தரப்பும் தத்தம் வக்கீலோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, எதையும் ஒளிக்காமல் பேசுவதாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். பேச்சு முறிந்தால் இரு வக்கீல்களும் விலகிவிட வேண்டும். 1990-ல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் வெப் என்ற வக்கீல் தொடங்கிய வழக்கம் இது. நல்ல காவல்தான். ஆனால் இங்கே ரகசியம் நிற்பது அந்த ஒப்பந்தத்தின் மேலும், சமரசப் பேச்சில் சொன்னதைப் பிறகு கோர்ட்டில் எதிராகக் காட்டக்கூடாது என்ற ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ விதியின் மேலும்தான். அந்த விதிக்கு விலக்கு உண்டு. பேச்சுவார்த்தைக் கடிதத்தில் கடனை ஒப்புக்கொண்டிருந்தால், கடனைக் கேட்டு வழக்குப் போடும் காலாவதிக் கெடு அதனால் முறிந்து புதிதாக ஓடத் தொடங்கியதா என்று பார்க்க மட்டும் அதைச் சாட்சியமாக எடுக்கலாம் என்று கேஎல்டி ரெசிடென்ஷியல் வழக்கில் 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வாடகைப் பாக்கிக்குக் கெடு 3 வருஷம். எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான்.

மீடியேஷனுக்கோ கோர்ட் விதியே இருக்கிறது. 2020 மார்ச்சில் வந்த ஹைகோர்ட் விதி 41ஏ, அங்கே வாயால் சொன்னதும் எழுதியதும் ரகசியம், சாட்சியமாகாது என்கிறது. சட்டம் வேறு சொன்னால் மாறும் என்ற வாசகமும் அதிலேயே உண்டு. இரும்புப் பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். வாடகை நோட்டை அங்கே காட்டியதால் மட்டும் அது ரகசியமாகிவிடாது. கோர்ட் கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

என்னைச் சாய்த்தது தனி அறை. மீடியேட்டர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவார். மனைவியின் வைத்தியச் செலவால்தான் நான் அவசரப்படுகிறேன் என்பதைத் தம்பி முன்னால் என்னால் சொல்லியிருக்கவே முடியாது. சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: “இதில் எதை அந்த அறைக்குக் கொண்டுபோகலாம்?” தொகையை மட்டும் சொல்லச் சொன்னேன். காரணம் இன்றுவரை தம்பிக்குத் தெரியாது. எல்லாரும் ஒன்றாக உட்காரும் மேசையில் இதற்கு இடம் குறைவு.

கொலாபரேட்டிவில் நான் உட்கார்ந்ததில்லை. பெரியம்மா மகள் தன் விவாகரத்தை அப்படி முடித்தாள்; பிள்ளைகளுக்காக இருவரும் இன்னும் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். அந்த மாதிரி விஷயத்துக்கு அவள் வழியே சரியாக இருக்கலாம்.