லாரியில் சரக்கு அனுப்புகிறவர்கள் கவனிக்க: எனக்கு 1,84,000 ரூபாய் போச்சு

சேலம் லீ பஜார் பக்கம் ஜவ்வரிசி வியாபாரம் செய்கிறேன். நவராத்திரி விரதத்துக்கு மகாராஷ்டிரம் அனுப்பிய லோடில் 90 கிலோ மூட்டை 40 குறைந்து இறங்கியிருக்கிறது. மூட்டை 4,600 வீதம் 1,84,000 ரூபாய். ஒரு பைசா தர முடியாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி நேற்று மெயில் அனுப்பிவிட்டது.

பாலிசி போட ஏஜென்ட் கடைக்கே வந்தார். மூட்டை குறைந்தால், திருடு போனால் கிடைக்குமா என்று நேராகவே கேட்டேன். "ஃபுல் கவருங்கண்ணா, இங்க ஏத்துனதுல இருந்து அங்க இறக்குற வரைக்கும் எங்க பொறுப்பு, நிம்மதியா தூங்குங்க" என்றார். வாட்ஸ்அப்பிலும் அதையே எழுதி அனுப்பினார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் பாலிசி போடுகிறார், அந்த நம்பிக்கையில் செக் எழுதிக் கொடுத்தேன்.

அங்கே சரக்கு எடுத்தவர் மூட்டையை எண்ணி, லாரி ரசீதின் பின்பக்கத்திலேயே 40 குறைவு என்று எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். இங்கே போட்ட எடைமேடைச் சீட்டுக்கும் அங்கே போட்டதுக்கும் 3,600 கிலோ வித்தியாசம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் (நஷ்டத்தை மதிப்பிடுகிறவர்) பார்த்துவிட்டு, தார்ப்பாய் கிழியவில்லை, கயிறு அறுபடவில்லை, ஜவ்வரிசி காய்ந்து எடை குறைவது சகஜம்தானே என்கிறார். காய்ந்தால் மூட்டைக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ குறையும், அந்தச் சாதாரணக் குறைவுக்கு எந்தப் பாலிசியிலும் பணம் வராது, சரி. தைத்த சாக்கோடு 40 மூட்டை எப்படிக் காணாமல் போகும்?

பதில் இல்லை. கிளையில் கேட்டால் ஹெட் ஆபீஸ், ஹெட் ஆபீஸில் கேட்டால் "ப்ராசஸில் இருக்கு சார்". ஏஜென்ட் "மீட்டிங்ல இருக்கேண்ணா" என்றார், அப்புறம் போனையே எடுக்கவில்லை. கடைசியில் மெயிலில் வேறு கதை: என்னுடையது 'பி' கிளாஸாம், அதாவது பாலிசி நிபந்தனையில் 'பி' பிரிவு. தீ, மின்னல், பாலம் உடைதல், லாரி மோதல், கவிழ்தல் மாதிரி விபத்துக்குத்தான் பணம், திருட்டும் மூட்டைக் குறைவும் 'ஏ' கிளாஸில்தான் வருமாம். அப்படியென்றால் சர்வேயரை விட்டு எடைக்குறைவு என்று இழுத்தடித்தது எதற்கு? பிரீமியம் வாங்கும்போது ஃபுல் கவர், பணம் கேட்டால் 'பி'! 1,84,000 ரூபாய், இந்த சீசன் லாபமே அவ்வளவுதான்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், வக்கீலைப் பார்க்கக் கிளம்ப வேண்டும், அதனால் அவசரமாக இது மட்டும். பாலிசியில் 'ஏ' என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள். மூட்டை குறைந்தால் ரசீதில் எழுதி வாங்காமல் லாரியை விடாதீர்கள். லாரி கம்பெனிக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், 2007 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள், தவறினால் அவர்கள் மேல் வழக்கே போட முடியாது. 'ஏ' வைத்திருப்பவர்களும் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அதையே சாக்காக வைத்து இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரிப்பார்கள். பஜாரில் அதே ஏஜென்டிடம் போட்டவர்கள் அடுத்த லோடு ஏற்றும் முன் பாலிசியை எடுத்துப் பாருங்கள்.