நேரடி லாரிங்கோஸ்கோப்பா, வீடியோவா? பயிற்சியை எதில் தொடங்குவது

மூச்சுவிடத் திணறும் நோயாளியின் மூச்சுக்குழாய்க்குள் செயற்கைக் குழாய் போட, நாக்கைத் தூக்கிக் குரல்நாண்களைப் பார்க்க உதவும் கருவி லாரிங்கோஸ்கோப். அவசர சிகிச்சைப் பிரிவில் பயிற்சிக்கு வரும் மருத்துவரின் கையில் முதலில் எதைக் கொடுப்பது? 1943-இல் மயக்கவியல் மருத்துவர் மேகின்டாஷ் அறிமுகப்படுத்திய, கண்ணால் நேரே பார்க்கும் வளைந்த பிளேடையா, நுனியில் கேமரா வைத்த வீடியோ லாரிங்கோஸ்கோப்பையா?

நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் வீடியோதான். 2023-இல் அமெரிக்காவில் வெளியான டிவைஸ் ஆய்வில், அவசரப் பிரிவிலும் ஐ.சி.யூ.விலும் சுமார் 1,400 பேருக்குக் குழாய் போட்டார்கள். முதல் முயற்சியிலேயே குழாய் உள்ளே போனது வீடியோவில் 85 சதவீதம், நேரடியில் 71 சதவீதம். போட்டவர்களில் பெரும்பாலோர் பயிற்சியில் இருந்தவர்கள். இரண்டாவது முயற்சிக்குள் ஆக்சிஜன் சரியத் தொடங்கிவிடும், தொண்டை வீங்கும், ரத்தம் கசியும். அதனால் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

சொல்லிக்கொடுக்கவும் வீடியோவே வசதி. நேரடி முறையில் வாய்க்குள் பார்ப்பது ஒரே ஒருவர். பின்னால் நிற்கும் ஆசிரியர் "என்ன தெரியுது?" என்று கேட்பார். "ஏதோ தெரியுது சார்" என்று பதில் வரும். அந்த 'ஏதோ' குழாய் போக வேண்டிய குரல்நாணா, போகக்கூடாத உணவுக்குழாயா என்று ஆசிரியருக்குத் தெரிய வழியில்லை. திரை இருந்தால், "நுனி இன்னும் குரல்வளை மூடிக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் உட்காரவில்லை, கொஞ்சம் உள்ளே தள்ளு" என்று அந்த நொடியே சொல்லலாம்.

ஆனால் எல்லா வீடியோ பிளேடும் ஒன்றல்ல. அதிக வளைவுள்ள பிளேடில் குரல்நாண்கள் படம் மாதிரித் தெரியும். குழாய் மட்டும் போகாது. புதியவர் பிளேடை இன்னும் உள்ளே தள்ளி, திரை முழுக்கக் குரல்வளையை நிரப்பிவிடுவார். செய்ய வேண்டியது நேர்மாறானது: சற்றுப் பின்னால் இழுத்து, குரல்வளையைத் திரையின் மேல் பாதியில் வைத்தால் குழாய் திரும்ப இடம் கிடைக்கும். இன்னொன்று, குழாயை நுழைக்கும்போது கண் வாயில் இருக்க வேண்டும். திரையையே பார்த்துத் தள்ளி அண்ணத்தைக் கிழித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

வாந்தியும் ரத்தமும் பொங்கும் வாயில் ஒரு துளி பட்டாலே கேமரா குருடாகிவிடும். அங்கே நேரடிப் பார்வை தெரியாதவர் கை கட்டப்பட்டவர்.

அதனால் என் தேர்வு, மேகின்டாஷ் வளைவிலேயே கேமரா உள்ள பிளேடு. திரை ஆசிரியர் பக்கம் திரும்பியிருக்கட்டும். பயிற்சி மருத்துவர் வாய்க்குள் நேரே பார்க்கட்டும். தெரியவில்லையா, பிளேடை எடுக்காமல் திரையை அவர் பக்கம் திருப்பினால் போதும். ஒரே முயற்சியில் இரண்டு பாடம். அதிக வளைவுப் பிளேடு அப்புறம் வரட்டும்.

சரி, எங்கே பழகுவது? பயிற்சிப் பொம்மையில் கைப்பழக்கம் வரும், எச்சிலும் பதற்றமும் வராது. மயக்கவியல் அறையில் எண்ணிக்கை சேரும். அமெரிக்காவில் அவசர மருத்துவப் பயிற்சிக்குக் கேட்கப்படும் குறைந்தபட்சம் 35 முறை குழாய் போடுவது. 1998-இல் மயக்கவியல் பயிற்சியாளர்களிடம் நடந்த ஆய்வில், நேரடி முறையில் 90 சதவீத வெற்றிக்குச் சராசரியாக 57 முறை தேவைப்பட்டது. 35-ஐ முடித்த இடமாக எடுத்துக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை.

பொம்மை தெளிவாக ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: கழுத்தைக் கீறி மூச்சுவழி திறப்பது. பல ஆண்டுகளில் ஒருமுறைகூட வாய்க்காமல் போகலாம், வந்தால் யோசிக்க நேரமிருக்காது. கத்தி, பூஜி (குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய நீளக் குச்சி), குழாய் என்ற அந்த வரிசையை மாதாமாதம் பொம்மையில்தான் செய்து பார்க்க வேண்டும்.